சுமை எங்கே போகிறது? சூடு எங்கே போகிறது?
(முதலாண்டுப் பொறியியல் மாணவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும்)

ஒவ்வோர் ஆண்டும் பொறியியல் கல்லூரிகளில் முதலாண்டு வகுப்புகள் தொடங்கிச் சில வாரங்கள் ஆனதும், சங்க நிகழ்ச்சிகளில் சந்திக்கும் பெற்றோர் என்னிடம் தவறாமல் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "ஸார், என் பையனுக்குக் கம்ப்யூட்டர் ஸயன்ஸ் கிடைச்சிருக்கு. அவன் எதுக்கு சிமெண்டும் கம்பியும் படிக்கணும்? எதுக்கு இன்ஜின் படம் போடணும்?"

கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. பல கல்லூரிகளில் எந்தப் பிரிவில் சேர்ந்தாலும் முதலாண்டில் சிவில், மெக்கானிகல் இரண்டின் அடிப்படையும் படித்தாக வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் தொண்ணூற்றைந்து விழுக்காடு வாங்கிய பிள்ளைகள்கூட இந்தப் பாடத்தில் தடுக்கி விழுவதுண்டு. நம் ஊரில் அதற்கு 'அரியர்' என்று பெயர். இங்கே தில்லியில் 'பேக்' என்கிறார்கள். பெயர் எதுவானாலும் வயிற்றில் புளியைக் கரைப்பது ஒன்றுதான்.

பாடப் புத்தகத்தைப் புரட்டினால் மலைப்பாகத்தான் இருக்கும். செங்கல், சிமெண்ட், அஸ்திவாரம், உத்தரம், தகைவு, திரிபு, கொதிகலன், டர்பைன், நான்கு வீச்சு எஞ்சின், குளிர்பதனப் பெட்டி, பற்சக்கரம் என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பட்டியலாகத் தோன்றும். மாணவர்கள் இதை வரையறைகளின் மூட்டையாக எடுத்துக்கொண்டு மனப்பாடம் செய்கிறார்கள். பரீட்சை முடிந்த மறுநாள் மூட்டை காலியாகிவிடுகிறது.

உண்மையில் இந்த இரண்டு பாடங்களிலும் இரண்டே கேள்விகள்தாம் உள்ளன. சிவிலில், "இந்தச் சுமை எந்த வழியாகத் தரைக்குப் போகிறது?" மெக்கானிகலில், "இந்தச் சூடு எங்கே போகிறது, அதில் எவ்வளவு வேலையாகிறது?" இந்த இரண்டையும் கேட்கப் பழகிக்கொண்ட பிள்ளைக்கு மற்றவை தாமாகவே வரிசையில் வந்து நிற்கும். நம் வீட்டிலேயே உள்ள பொருள்களை வைத்து இதை விளக்கப் பார்க்கிறேன்.

சுமையின் பயணம்

நீங்கள் உட்கார்ந்திருக்கும் அறையின் கூரையைச் சற்று அண்ணாந்து பாருங்கள். 12 அடிக்கு 10 அடி அறை, 5 அங்குல கான்கிரீட் தளம் என்று வைத்துக்கொள்வோம். கம்பி போட்ட கான்கிரீட் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 2,500 கிலோ எடை. கணக்குப் போட்டால் தலைக்கு மேலே ஏறக்குறைய மூன்றரை டன் தொங்குகிறது. ஐந்து மாருதி 800 கார்களின் எடையைவிடச் சற்று அதிகம்! அதற்கு மேல் மனிதர்கள், கட்டில், பீரோ ஆகியவற்றுக்காக, குடியிருப்பு அறைகளில் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்று கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய விதி. மொட்டை மாடியில் 1,000 லிட்டர் தொட்டி வைத்தால் தண்ணீர் மட்டும் ஒரு டன்.

இந்தச் சுமை எங்கே போகிறது? தளம் தன் சுமையை உத்தரத்துக்குக் கொடுக்கிறது. உத்தரம் தூணுக்குக் கொடுக்கிறது. தூண் அஸ்திவாரத்துக்கு, அஸ்திவாரம் மண்ணுக்கு. இந்தச் சங்கிலியில் எங்கே ஒரு கண்ணி பலவீனமாக இருக்கிறதோ அங்கே அறுந்துவிடும். அஸ்திவாரத்தை ஏன் அகலமாகப் போடுகிறோம்? தூணின் சுமையை நிறைய இடத்தில் பரப்பினால்தான் மண் தாங்கும். சேற்றில் நடக்கும்போது ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் நடக்கிறோமே, அதே தத்துவம்.

இனி ஒரு சிறு கணக்கு. 2 மீட்டர் நீளமுள்ள கழியின் இரு முனைகளையும் இருவர் தோளில் வைத்திருக்கிறார்கள். 40 கிலோ மூட்டை ஒன்று, முன்னால் இருப்பவரிடமிருந்து அரை மீட்டர் தூரத்தில் தொங்குகிறது. யாருக்கு எவ்வளவு சுமை? முன்னவரின் தோளை மையமாக வைத்துப் பாருங்கள். மூட்டை கழியைக் கீழே திருப்பப் பார்க்கிறது: 40 பெருக்கல் அரை, அதாவது 20. பின்னவர் 2 மீட்டர் தூரத்தில் நின்று அதைத் தடுக்கிறார். ஆகவே அவர் தோளில் 20 வகுத்தல் 2, வெறும் 10 கிலோ. மீதி 30 கிலோவும் முன்னவருக்கு. கழி மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை, திரும்பவும் இல்லை என்பதால் எல்லாம் கூட்டிக் கழித்துப் பூஜ்யமாக வேண்டும். இதுதான் சமநிலை. முதலாண்டு மெக்கானிக்ஸில் வரும் கணக்குகளில் பெரும்பாலானவை இந்தக் கழிக் கணக்கின் பேரப்பிள்ளைகளே.

இதில் மாணவர்கள் தவறுவது கூட்டல் கழித்தலில் அல்ல, படத்தில். பொருளை மட்டும் தனியே பிரித்து வரைந்து, அதன்மேல் வெளியிலிருந்து என்னென்ன விசைகள் வருகின்றன என்று அம்புக்குறி போட வேண்டும். 'ஃப்ரீ பாடி டயக்ரம்' என்பது இதுதான். கழியை வரைந்துவிட்டுத் தோளை மறந்தால் விடை எப்படி வரும்? படத்துக்கு இரண்டு நிமிடம் செலவிடத் தயங்கும் பிள்ளை, கணக்குக்கு இருபது நிமிடம் செலவிட்டுத் தவறான விடையோடு எழுந்துவருவான்.

அடிக்கோலைக் கேளுங்கள்

வீட்டில் இருக்கும் பிளாஸ்டிக் அடிக்கோல் ஒன்றை எடுத்து, இரண்டு புத்தகங்களுக்கு நடுவே பாலம்போல் படுக்கவைத்து விரலால் அழுத்துங்கள். எளிதாக வளையும். அதே கோலைச் செங்குத்தாக, விளிம்பு மேலே இருக்கும்படி பிடித்துக்கொண்டு அழுத்துங்கள். அசையாது. பொருள் அதே, எடையும் அதே. நிறுத்தி வைத்த விதம் மட்டுமே வேறு.

கோலின் அகலம் 30 மில்லிமீட்டர், கனம் 3 மில்லிமீட்டர் என்றால், நிறுத்தி வைக்கும்போது அது வளைய மறுக்கும் தன்மை சரியாக 100 மடங்காகிறது. ஏனென்றால் உயரத்தின் மூன்றாவது அடுக்கு இங்கே கணக்கில் வருகிறது. உத்தரங்களை அகலத்தைவிட உயரம் அதிகமாக இருக்கும்படி போடுவதற்கும், ரயில் தண்டவாளம் நெட்டையாக இருப்பதற்கும் இதுவே காரணம். 'மொமெண்ட் ஆஃப் இனர்ஷியா' என்ற சொல்லைக் கேட்டு மிரளும் பிள்ளையின் கையில் முதலில் அடிக்கோலைக் கொடுங்கள். சூத்திரம் பிறகு வரட்டும்.

கம்பி எந்தப் பக்கம்?

இப்போது அந்த அடிக்கோலுக்குப் பதில் ஒரு சதுரமான ரப்பர் துண்டை எடுத்து, பக்கவாட்டில் நெருக்கமாகக் கோடுகள் போட்டு, இரு முனைகளையும் தாங்கவைத்து நடுவே அழுத்துங்கள். மேல் பக்கத்தில் கோடுகள் நெருங்கும். கீழ்ப் பக்கத்தில் விலகும். மேலே அமுக்கம், கீழே இழுவை. வளையும் எந்தப் பொருளிலும் இந்த இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்குவதில் மன்னன். 'எம் 20' என்றால், 15 சென்டிமீட்டர் கனசதுரமாக வார்த்து 28 நாள் கழித்து நசுக்கிப் பார்க்கும்போது, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன், ஏறத்தாழ 2 கிலோ, தாங்க வேண்டும் என்று பொருள். ஆனால் இழுத்தால் அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குகூடத் தாங்குவது கடினம். எஃகோ இழுவையைத் தாங்குவதில் சமர்த்தன். ஆகவே எங்கே இழுவை வருமோ அங்கே கம்பி. இவ்வளவுதான் ஆர்.சி.சி.

இவை இரண்டும் சேர்ந்து வாழ்வதற்கு இயற்கை செய்த உதவி ஒன்று உண்டு. வெயிலில் கான்கிரீட்டும் எஃகும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் நீளுகின்றன. பத்து மீட்டர் நீளத்துக்கு, ஒரு டிகிரி ஏறினால், சுமார் 0.1 மில்லிமீட்டர். எஃகுக்குப் பதில் அலுமினியக் கம்பி போட்டிருந்தால், அது இரண்டு மடங்கு நீண்டு, தில்லியின் ஒரு கோடைக்குள்ளேயே தளத்தில் விரிசல் விழத் தொடங்கியிருக்கும்.

இரு பக்கமும் தாங்கப்பட்ட தளத்தில் இழுவை கீழே வருவதால் முக்கியமான கம்பி கீழ்ப்பக்கம் இருக்க வேண்டும். ஆனால் சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஜன்னல் சஜ்ஜாவையும் பால்கனியையும் பாருங்கள். முனை தொங்கப் பார்க்கிறது. ஆகவே மேல்பக்கம்தான் விலகப் பார்க்கும். கம்பி மேலே இருக்க வேண்டும்.

இதை நான் புத்தகத்தில் படித்தேன். ஆனால் புரிந்துகொண்டது வேலையில் சேர்ந்த பிறகுதான். ஒரு குடியிருப்புக் கட்டுமானத்தில் இளநிலைப் பொறியாளனாக இருந்தேன். சஜ்ஜாவுக்குக் கம்பி கட்டி முடித்ததை நானே சரிபார்த்தேன். கம்பி மேலேதான் இருந்தது. காங்கிரீட் போடும்போது ஆட்கள் அதன்மேல் மிதித்து நடந்ததில் கம்பி கீழே தாழ்ந்துவிட்டது. அப்போது நான் அங்கே இல்லை. இரண்டு வாரம் கழித்து முட்டுக் கொடுத்திருந்த பலகையை எடுத்தபோது, சஜ்ஜா சுவரோரமாக விரிந்து, அப்படியே மடிந்து விழுந்தது. பலகை எடுத்துக்கொண்டிருந்த தொழிலாளியின் கால் முறிந்தது. விழுந்த துண்டைப் புரட்டிப் பார்த்தேன். சிமெண்டில் குறையில்லை, கம்பியிலும் குறையில்லை. எல்லாம் சரியாக இருந்தும் கம்பி மூன்று அங்குலம் கீழே இருந்தது. அன்றிலிருந்து கான்கிரீட் போடும் வேளையில் நான் பக்கத்தை விட்டு நகர்ந்ததில்லை.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கான்கிரீட் காய்வதால் இறுகுவதில்லை. சிமெண்டும் தண்ணீரும் சேரும் இரசாயன மாற்றத்தால் இறுகுகிறது. தண்ணீர் ஆவியாகிவிட்டால் மாற்றமும் பாதியில் நின்றுவிடும். அதனால்தான் சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த சிமெண்டுக்கு 10 நாள் ஈரம் காய விடக்கூடாது என்கிறது விதி. மே மாதத்து 'லூ' காற்றில் காலையில் ஒருமுறை நீர் தெளித்துவிட்டுப் போனால் போதாது. ஊரில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் வாசகர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

பக்கவாட்டில் தள்ளினால்?

இதுவரை சொன்னது கீழ்நோக்கிய சுமை. நிலநடுக்கம் வரும்போது தரை பக்கவாட்டில் ஆடுகிறது. கட்டடத்தின் எடையே அதற்கு எதிரியாகிறது. பஸ் திடீரென்று கிளம்பும்போது நிற்பவர் பின்னால் சாய்கிறாரே, அதுபோல.

2001ஆம் ஆண்டு ஜனவரி 26, குடியரசு தின காலை 8.46 மணிக்கு குஜராத்தின் கட்ச் பகுதியில் நிலநடுக்கம் ஏற்பட்டது. பூஜ், பச்சாவ், அஞ்சார் ஊர்கள் நொறுங்கின. ஆனால் பொறியாளர்களைத் திடுக்கிட வைத்தது அகமதாபாத். நடுக்கத்தின் மையத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தும் அங்கே பல அடுக்குமாடிக் கட்டடங்கள் இடிந்து நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். பழைய வீடுகள் நின்றன, புதிய அடுக்குமாடிகள் சில விழுந்தன.

விழுந்தவற்றில் பலவற்றுக்கு ஓர் ஒற்றுமை இருந்தது. தரைத்தளம் வண்டி நிறுத்துவதற்காகச் சுவரில்லாமல், தூண்கள் மட்டும் நிற்கத் திறந்து விடப்பட்டிருந்தது. மேல் மாடிகளில் செங்கல் சுவர்கள் நிறைந்திருந்தன. சுவர்கள் மேல் மாடிகளை ஒரு பெட்டிபோல இறுக்கிப் பிடித்தன. ஆகவே ஆட்டம் முழுவதும் கீழே உள்ள மெல்லிய தூண்களின் தலையில் வந்து விழுந்தது. நான்கு அகர்பத்திகளின்மேல் அட்டைப்பெட்டியை வைத்து மேஜையை ஆட்டிப் பாருங்கள். பெட்டி கசங்காது, பத்திகள்தாம் ஒடியும்.

இத்தகைய மாடிக்கு 'சாஃப்ட் ஸ்டோரி' என்று பெயர். 2002இல் திருத்தி வெளியிடப்பட்ட ஐ.எஸ். 1893 என்ற நிலநடுக்க விதித்தொகுப்பு, அப்படிப்பட்ட தளத்தின் தூண்களையும் உத்தரங்களையும் கணக்கில் வரும் பக்கவிசையைப் போல் இரண்டரை மடங்குக்கு வடிவமைக்க வேண்டும் என்றது. அதே தொகுப்பில் தில்லி நான்காம் மண்டலத்தில், அதாவது அகமதாபாத்தைவிட ஒரு படி அதிக ஆபத்துள்ள மண்டலத்தில், வைக்கப்பட்டது. நம்மில் பலர் குடியிருக்கும் அடுக்குமாடிகளிலும் கீழே வண்டிதான் நிற்கிறது. உடனே பயந்துவிட வேண்டாம். கீழே திறந்திருப்பதே குற்றமல்ல, அதற்கேற்பத் தூண்களையும் தடுப்புச் சுவர்களையும் வடிவமைக்காமல் விடுவதே குற்றம். புதிய வீடு வாங்கும்போது டைல்ஸின் நிறத்தைக் கேட்கும் நாம், "நிலநடுக்கத்துக்கு வடிவமைத்த பொறியாளரின் சான்றிதழ் இருக்கிறதா? கீழ்த்தளத் தூண்களுக்குத் தனிக் கணக்குப் போட்டார்களா?" என்றும் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவர் வீட்டில் ஒருவர் இருந்தால், அந்த முதலாண்டுப் பாடம் வீண்போகவில்லை.

குக்கருக்குள் ஒரு எஞ்சின்

இனி மெக்கானிகலுக்கு வருவோம். கல்லூரிக்குப் போகுமுன் சமையலறைக்குப் போகலாம்.

திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். எவ்வளவு தீ வைத்தாலும் அதற்குமேல் சூடு ஏறாது. சேரும் சூடெல்லாம் நீராவியாகப் போய்விடும். குக்கரில் மூடியைப் போட்டு, துளையின்மேல் ஒரு குண்டை வைத்து ஆவியை அடைக்கிறோம். உள்ளே அழுத்தம் கூட, வெளிக் காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்காகும்போது, தண்ணீர் 120 டிகிரியில்தான் கொதிக்கிறது. அதனால்தான் பருப்பு சீக்கிரம் வேகிறது.

குண்டின் எடை ஏன் அவ்வளவு சிறியது? உள்ளே கூடுதலாக இருப்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ அழுத்தம். துளையின் பரப்பு 8 சதுர மில்லிமீட்டர் என்றால், அதை அடைக்க 80 கிராம் போதும். ஆனால் அதே அழுத்தம் மூடியையும் தள்ளுகிறது. மூடியின் குறுக்களவு 20 சென்டிமீட்டர் என்றால், பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். மூடியின்மேல் விசை 300 கிலோவுக்கும் அதிகம்! ஆவி அடங்குமுன் மூடியை வலிந்து திறக்கக் கூடாது என்று நம் அம்மாக்கள் சொல்வது இந்தக் கணக்கைத்தான். 'அழுத்தம்' வேறு, 'விசை' வேறு என்று பத்துப் பக்கத்தில் சொல்வதைக் குக்கர் ஒரு விசிலில் சொல்லிவிடுகிறது.

ஆவி குண்டைத் தூக்குகிறதல்லவா? அங்கே சூடு வேலையாக மாறுகிறது. குண்டுக்குப் பதில் ஒரு பிஸ்டனை வைத்தால் நீராவி எஞ்சின். ஆவியை ஒரு சக்கரத்தின் இறக்கைகளில் பீச்சினால் டர்பைன்.

சூடு போன இடம்

ஆனால் எல்லாச் சூடும் வேலையாகிவிடுமா? ஆகாது என்று 1824ஆம் ஆண்டிலேயே காட்டியவர் ஸாடி கார்னோ என்ற பிரெஞ்சுக்காரர். சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குச் சூடு பாயும்போதுதான் இடையில் நாம் வேலை வாங்க முடியும். அருவி நீர் மேலிருந்து கீழே விழும்போது சக்கரத்தைச் சுற்றுவதுபோல. கீழே ஒரு பங்கைக் கொட்டித்தான் ஆக வேண்டும்.

அனல்மின் நிலையத்தில் ஆவி 540 டிகிரியில் உள்ளே வந்து, 40 டிகிரியில் குளிர்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதோடு 273 கூட்டினால் 813, 313. எவ்வளவு சிறந்த எஞ்சினாக இருந்தாலும் இந்த வெப்ப நிலைகளுக்கு இடையே நூற்றுக்கு 61க்குமேல் கிடைக்காது என்பது இயற்கை போட்ட வரம்பு. நடைமுறையில் கிடைப்பது ஏறத்தாழ 35 முதல் 40 வரை. 2018இல் மூடப்பட்ட பதர்பூர் மின் நிலையத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நம்மிடையே உண்டு. தாத்ரி பக்கம் போனால் குளிர்விக்கும் கோபுரங்களிலிருந்து வெண்புகைபோல எழுவதைக் காணலாம். அது புகையல்ல, நீராவி. வேலையாக மாறாத சூடு வெளியேறும் வழி அது.

காரிலும் அதே கதைதான். ஜெர்மானியரான நிக்கோலஸ் ஓட்டோ 1876இல் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய நான்கு வீச்சு எஞ்சினில், கலவையை உறிஞ்சுவது ஒன்று, அழுத்துவது இரண்டு, எரிந்து தள்ளுவது மூன்று, புகையை வெளியேற்றுவது நான்கு. இதில் வேலை தருவது மூன்றாவது மட்டுமே. மற்ற மூன்றும் அந்த ஒன்றின் சம்பாத்தியத்தில் வாழ்கின்றன! சம்பாத்தியத்தைச் சேமித்து வைத்து மற்ற வீச்சுகளுக்குப் பங்கிடும் குடும்பத் தலைவர்தான் கனமான ஃப்ளைவீல். நீங்கள் போடும் நூறு ரூபாய் பெட்ரோலில் சக்கரத்தைச் சுற்றுவதற்கு ஆவது ஏறத்தாழ கால் பங்குதான். மீதி ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் போய்விடுகிறது.

"குளிர்பதனப் பெட்டியின் கதவைத் திறந்து வைத்தால் அறை குளிருமா?" என்று வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள். "சூடு எங்கே போகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். பெட்டி உள்ளேயிருந்து எடுத்த சூட்டைத் தன் பின்பக்கக் குழாய்கள் வழியாக அதே அறையில்தான் விடுகிறது. மோட்டார் செலவழித்த மின்சாரமும் சூடாக மாறி அதோடு சேர்கிறது. ஆகவே அறை குளிராது, மெல்லச் சூடாகும்.

தில்லியின் கூலரும் சென்னையின் வியர்வையும்

நம்மவர்கள் தில்லிக்கு வந்த புதிதில் வியந்து பார்த்த பொருள் டெசர்ட் கூலர். மூன்று பக்கமும் புல் தட்டி, அடியில் தண்ணீர், நடுவில் மின்விசிறி. இவ்வளவு எளிய கருவி சென்னையில் ஏன் பரவவில்லை?

ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் சூடு வேண்டும். அந்தச் சூட்டைத் தண்ணீர் காற்றிலிருந்து எடுத்துக்கொள்வதால் காற்று குளிர்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படியே. ஆனால் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் தண்ணீர் ஆவியாக இடமேது? மே மாதத் தில்லியில் 42 டிகிரி வெயிலும் நூற்றுக்கு 20 ஈரப்பதமும் இருந்தால், கூலர் காற்றை ஏறத்தாழ 24 டிகிரிவரை குளிர்விக்கலாம் என்பது எல்லை. சென்னையில் 36 டிகிரியும் நூற்றுக்கு 60 ஈரப்பதமும் இருந்தால், எல்லை 29 டிகிரியிலேயே நின்றுவிடும். அறையும் பிசுபிசுக்கும். ஜூலையில் மழை வந்ததும் நம் வீட்டுக் கூலரும் கைவிட்டுவிடுவது இதனால்தான். ஏ.சி. இந்த எல்லைக்குக் கட்டுப்பட்டதல்ல. அது கம்ப்ரஸர் வைத்துச் சூட்டை வலிந்து வெளியே தள்ளுகிறது. அதற்கு விலை மின்சாரக் கட்டணத்தில் தெரியும்.

தாத்தாவின் சொற்கள்

முதலாண்டில் வரைபடமும் பட்டறைப் பயிற்சியும் உண்டு. பிளான், செக்ஷன் என்றதும் குழம்பும் பிள்ளைக்கு ஓர் எலுமிச்சம்பழத்தைக் குறுக்கே ஒன்றும் நெடுக்கே ஒன்றும் வெட்டிக் காட்டுங்கள். ஒரே பழம், இரண்டு உருவம். வெட்டிய முகத்தை வரைவதே செக்ஷன். பட்டறையில் இரும்புத் துண்டை அரத்தால் ராவிச் சதுரமாக்கச் சொல்லுவார்கள். கை கொப்புளிக்கும். அரை மில்லிமீட்டர் என்றால் எவ்வளவு என்று விரலுக்குத் தெரிவது அங்கேதான்.

இன்னொரு சுவையான செய்தி. இங்கே கட்டுமான இடங்களுக்குப் போகும் நம் பிள்ளைகள் கேட்பது 'சரியா', 'ரோடி', 'ஷட்டரிங்', 'சாஹுல்', 'குனியா' என்ற சொற்களை. அவற்றையே ஊரில் கம்பி, ஜல்லி, சென்டரிங், தூக்குக்குண்டு, மூலமட்டம் என்பார்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு கொத்தனாரோடு அரை நாள் நிற்கச் சொல்லுங்கள். தூக்குக்குண்டால் சுவரின் நேர் பார்ப்பதையும், ரசமட்டத்தால் தளத்தின் மட்டம் பார்ப்பதையும், 3, 4, 5 அடி அளந்து மூலை மட்டம் பிடிப்பதையும் பார்த்தால், எட்டாம் வகுப்பில் படித்த பிதாகரஸ் தேற்றம் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று புரியும்.

கம்ப்யூட்டர் மாணவனுக்கு ஏன்?

முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். இன்று கட்டடங்களுக்கு வேண்டிய கணக்கைப் பெரும்பாலும் கம்ப்யூட்டரே போட்டுவிடுகிறது. ஆனால் உத்தரம் எங்கே தாங்கப்படுகிறது, எங்கே தொங்குகிறது என்று அதற்குச் சொல்ல வேண்டியவர் மனிதர். தவறாகச் சொன்னாலும் அது மறுபேச்சில்லாமல் நான்கு தசம ஸ்தானம்வரை விடை தரும். விடையைப் பார்த்து, "இது இருக்கவே முடியாதே, இவ்வளவு சுமை எங்கே போயிற்று?" என்று கேட்கத் தெரிந்தவரே பொறியாளர். நாளை அந்த மென்பொருளை எழுதப்போவது நம் பிள்ளையாகவே இருக்கலாம். அவன் எழுதும் ஒரு வரிக்குக் கீழேயும் யாரோ ஒருவர் பலகை எடுத்துக்கொண்டு நிற்பார்.

மாணவர்களுக்கு மூன்றே யோசனைகள். முதலாவது, படம் போடாமல் கணக்கைத் தொடாதீர்கள். இரண்டாவது, ஒவ்வொரு விடைக்கும் அலகு எழுதி, அது நடக்கக் கூடியதா என்று ஒரு கணம் யோசியுங்கள். ஒரு மனிதனின் எடை 7,000 நியூட்டன் என்று வந்தால் எங்கோ தவறு. மூன்றாவது, எந்தத் தலைப்பைப் படித்தாலும் வீட்டில் அதற்கு ஓர் உதாரணம் கண்டுபிடித்துத் தம்பி தங்கைக்கு விளக்குங்கள். விளக்க முடிந்தால் புரிந்துவிட்டது என்று பொருள்.

பெற்றோருக்கு ஒன்று. முதல் பருவத்தில் 'பேக்' வந்துவிட்டால் வீட்டில் இடி விழுந்ததுபோல நடந்துகொள்ளாதீர்கள். பள்ளியில் விடை எழுதிப் பழகிய பிள்ளை, கேள்வி கேட்கப் பழகும் காலம் இது. கொஞ்சம் தடுமாறத்தான் செய்யும். இன்றிரவு குக்கர் விசில் அடிக்கும்போது அந்தக் குண்டு ஏன் ஆடுகிறது என்று அவனிடமோ அவளிடமோ கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் மகிழ்ச்சி. வராவிட்டால் இருவரும் சேர்ந்து இந்தக் கட்டுரையை இன்னொரு முறை படியுங்கள்.